‘ஹையஸ்ட்’ எனும் சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுபவர் எவரும் தொட்டபெட்டாவைத் தொடாமல் விடுவதில்லை. அதைத் தொட்டதும் ‘ஹையஸ்ட்’ என்ற சொல்லும் வந்துவிடுகிறது. அச்சொல்லைப் பயன்படுத்தும்போது நேரும் பிழைகளுள் பெரியது, எல்லையைக் கூறாமல் விடுவதாகும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தமிழ்நாட்டிலேயே மிக உயர்ந்த சிகரம் என்பது சரி. எல்லையைத் தென்னிந்தியா வரை விரித்தாலோ அந்த இடம் கேரளத்தின் 2,695 மீட்டர் உயர ஆனைமுடிக்கு உரியது. ‘செகண்ட் ஹையஸ்ட்’ என்று எழுதித் தப்பிக்கவும் வழியில்லை, ஏனெனில் மூணாற்றுக்கு அருகிலுள்ள மீசைப்புலிமலை 2,640 மீட்டர் உயரத்துடன் மூன்று மீட்டர் முந்திக்கொள்கிறது. ஆகவே ‘இன் தமிழ்நாடு’ என்பதை அலங்காரமாக அன்றி, அவ்வாக்கியத்தை உண்மையாக்கும் பகுதியாகவே கருத வேண்டும்.

இதையே ‘ஹையர்’ என்ற ஒப்பீட்டு வடிவில் எழுதுவோர், ‘ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு’ என்று முடித்துவிடுகின்றனர். தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டுச் சிகரமே என்பதால், அது தன்னைவிடவும் உயரமானது என்ற விபரீதப் பொருள் அதில் தொனிக்கிறது. ‘எனி அதர் பீக்’ என்பதே முறை.

சிகரம், மரம், மாணவன் ஆகிய மூன்றையும் தமிழில் ‘உயரம்’ என்ற ஒரே சொல்லால் அளந்துவிடுகிறோம். ஆங்கிலமோ எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கு ‘ஹையஸ்ட்’ என்றும், அடி முதல் நுனி வரை எவ்வளவு நீளம் என்பதற்கு ‘டாலஸ்ட்’ என்றும் பிரித்துப் பார்க்கிறது. தொட்டபெட்டாச் சரிவில் நிற்கும் ஓட்டு வீடு ஊரிலேயே ‘ஹையஸ்ட்’ வீடாக இருக்கலாம்; ‘டாலஸ்ட்’ ஆகாது. வகுப்பில் நெடிதுயர்ந்த மாணவனை ‘ஹையஸ்ட் பாய்’ என்பதும், ஊரிலேயே நெட்டையான கற்பூர மரத்தை ‘ஹையஸ்ட் ட்ரீ’ என்பதும் இதனால்தான் பிசகுகின்றன. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்டே உலகின் ‘ஹையஸ்ட்’ சிகரம். கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா ‘டாலஸ்ட்’ என்ற பெயரைப் பெறுகிறது.

விலை, மதிப்பெண், வெப்பநிலை ஆகியவற்றுக்கும் ‘ஹையஸ்ட்’ பொருந்தும். குன்னூர்த் தேயிலை ஏலத்தில் ஒரு தூள் ‘ஹையஸ்ட் பிரைஸ்’ பெறலாம். அத்தூளைக் ‘காஸ்ட்லியஸ்ட் டீ’ எனலாம். ‘காஸ்ட்லியஸ்ட் பிரைஸ்’ என்பது மட்டும் ஆகாது.

‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்ற இரட்டிப்பு தவறு என்பதைப் பலரும் அறிவர். ‘ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் பீக்’ என்று ஒருமையில் முடிப்பதுதான் வியப்பு, ஏனெனில் தமிழிலேயே ‘சிகரங்களுள் ஒன்று’ என்றுதானே சொல்கிறோம்? பெயர்ச்சொல்லுக்கு முன் ‘ஹையஸ்ட்’ வருமிடத்தில் பொதுவாகத் ‘தி’ வேண்டும். ‘மை ஹையஸ்ட் மார்க்’ என உடைமைச் சொல் வந்தால் அது தேவையில்லை.

அனுமதிக்கப்பட்ட வரம்பைக் குறிப்பதற்கு இச்சொல் உதவாது. மலைப்பாதையில் ஒரு வண்டி எட்டிய உச்ச வேகத்தை ‘ஹையஸ்ட்’ எனலாம். செல்லத்தக்க உச்ச வேகத்தை அறிவிக்கும் பலகையில் இருக்க வேண்டியது ‘மேக்ஸிமம்’.