ஆலய நிலத்துக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தால்: டெல்டா சபைகள் செய்யவேண்டியவை

தாசில்தார் அலுவலகத்திலிருந்தோ ஊராட்சியிலிருந்தோ நோட்டீஸ் வந்ததும் காவிரி டெல்டாவில் பல கிறிஸ்தவ சபைகள் முதலில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதில் தரவேண்டிய கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வழக்குகள் நிற்பதும் சாய்வதும், வருவாய்ப் பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே எழுதியிருக்கும் நிலவகையை வைத்துத்தான்.

நோட்டீஸை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் கொடுத்ததாகவே கணக்கு. ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்று பாருங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு விளக்கம் கேட்பது. 6ஆம் பிரிவு வெளியேற்றுவது. 7 வராமலே 6 வந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள். ‘பி மெமோ’ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் அபராதச் சீட்டு) அபராதத்தைக் கட்டினால் நிலம் நம் அனுபவத்தில் (கைவசத்தில்) இருப்பது உறுதியாகும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ரசீது உங்களை ஆக்கிரமிப்பாளர் என்று பதிவு செய்வதும்கூட. விளக்கம் கொடுக்காமல் கட்டாதீர்கள்.

அடுத்தது நிலவகை. ‘அ’ பதிவேட்டில் (கிராமத்தின் சர்வே எண்களையும் நிலவகையையும் காட்டும் வருவாய்ப் பதிவேடு) நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம் என்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. வீட்டுமனையாக உரிமை உள்ள நிலத்தை அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவே அரசு நிலக் கணக்கிலிருந்து விலக்குகிறது. களம், மேய்ச்சல், மயானம் போன்ற புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அங்கே தீர்மானமும் பேச்சுவார்த்தையும் கொஞ்சம் உதவும். வாய்க்கால், ஆறு, குளம் என்றிருந்தால்தான் உண்மையான சிக்கல். இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் வகுத்த பாதுகாப்புகூட சாலையிலும் நீர்நிலையிலும் உள்ள கட்டடங்களுக்குக் கிடையாது. நூறு வருடத்து ஆலயம் என்று சொல்வதும் அங்கே எடுபடாது.

ஆனால் பதிவேட்டில் இருப்பதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியில் எத்தனையோ பட்டா நிலங்கள் புறம்போக்கு ஆயின. உட்பிரிவு எண்கள் இடம் மாறின. அதனால் யுடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் சான்றிட்ட நகலும், அந்தக் காலத்துப் புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கட்டாயம் வேண்டும். தகவல் உரிமைச் சட்ட மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எண்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வில்லங்கச் சான்று கணினியில் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லி மனு கொடுக்கவேண்டும். அடிக்கல், கல்லறைக் கற்கள், ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கம் ஆகியவற்றை ஆண்டு தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். அவை அனுபவத்துக்குச் சாட்சி. உரிமைப் பத்திரத்துக்கு ஈடாகாது.

பழைய தானப் பத்திரத்தில் பரப்பு குழியிலும் மாவிலும் இருக்கும். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. பத்திரத்தில் 30 குழி என்றிருந்தால் 4,320 சதுர அடி, ஏறக்குறைய 9.9 சென்ட், சிட்டாவில் 4 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). சிட்டாவில் 3 ஏர்தான் இருக்கிறதென்றால் மீதி ஒரு ஏர் பக்கத்து வாய்க்கால் எண்ணில் போய்ச் சேர்ந்திருக்கலாம். பல தகராறுகளின் வேர் இங்கேதான்.

இதை அளந்துதான் நிரூபிக்க முடியும். உங்கள் எண்ணை மட்டும் அளக்கச் சொல்லாதீர்கள். ஒட்டிய வாய்க்கால் எண்ணையும் சேர்த்து அளக்க மனு கொடுங்கள். டெல்டாவில் தூர்வாரிய மண்ணை ஒரே கரையில் கொட்டிக் கொட்டி வாய்க்கால் மறுபக்கம் நகர்ந்திருக்கும். இன்று தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து சர்வேயர் நாடா பிடித்தால் உங்கள் சுற்றுச்சுவர் புறம்போக்கில் நிற்பதாகவே தெரியும். புலப்படத்தில் உள்ள நிலையான முச்சந்திக் கல்லிலிருந்து (மூன்று எல்லைகள் சந்திக்கும் இடத்தில் நட்ட சர்வே கல்) அளக்கச் சொல்லுங்கள். கல் காணாமல் போயிருந்தால், அதை நட்டுக் கொடுத்த பிறகு அளவு எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

யார் கையெழுத்திடுவது என்பதிலும் பல மனுக்கள் விழுகின்றன. பத்திரம் மறைமாவட்டம், திருமண்டலம் அல்லது டிரஸ்ட் பெயரில் இருந்தால், அதன் அதிகாரப் பத்திரம் இல்லாமல் உள்ளூர்ப் போதகரோ கமிட்டிச் செயலாளரோ போடும் மனு செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயாதீன சபைகளில் நிலம் போதகரின் சொந்தப் பெயரில் இருக்கும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் எல்லாரும் சேரவேண்டும். இதைச் சமாதான காலத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

கட்டட அனுமதி தனி விவகாரம். வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் வழக்கு நடக்கும்போது மண்டபத்தை நீட்டினால் அந்தக் காரணத்துக்காகவே சீல் வைப்பார்கள். ஒரு செங்கல்கூட ஏற்றாதீர்கள்.

உத்தரவு பாதகமாக வந்தால் முதலில் மேல்முறையீடும் தடை மனுவும் போடவேண்டும். உயர் நீதிமன்றம் போவதானால் தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்குச் சென்னை. 30 வருட எதிரிடை அனுபவ வாதத்தை (அரசு நிலமானாலும் நீண்ட காலம் கைவசம் இருந்ததால் எங்களுடையது என்பதை) யோசித்து எடுங்கள். அதை எடுத்தாலே நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அளவில் சுவர் உண்மையாகவே வாய்க்காலுக்குள் வந்திருந்தால் பிடிவாதம் வேண்டாம். அந்தத் தண்ணீர் கடைமடைக்குப் போகவேண்டியது. எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம் என்று குறிப்பிட்டு, நாங்களே இத்தனை நாளில் அகற்றுகிறோம் என்று தாசில்தாருக்குக் கடிதம் கொடுங்கள். ஆலயக் கட்டடம் பட்டா நிலத்துக்குள் இருப்பதாக அளவில் தெரிந்ததையும் அதே கடிதத்தில் எழுதி, அலுவலக முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.