உப்புக்காற்று வீசும் ஊரில் பழைய ஃபியாட் 1100 வாங்குவோருக்கு

இத்தாலியச் சொகுசுக் கார் என்றதும் கார்ப் பிரியர்கள் லான்சியா ஃபிளமினியாவைச் சொல்வார்கள், இல்லையேல் 1963 இல் தூரின் கண்காட்சியில் அறிமுகமான மசராட்டி குவாத்ரோபோர்த்தேயைச் சொல்வார்கள். பின்னதன் பெயருக்கு ‘நான்கு கதவு’ என்பதற்கு மேல் இத்தாலிய மொழியில் பொருள் ஒன்றும் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தாலியச் சொகுசுக் கார் என்ற பெருமையை ஒரு காலத்தில் அனுபவித்த வண்டி ஃபியாட் 1100 ஆகும். நாகர்கோவிலில் மருத்துவர் வீட்டு முற்றத்திலும், குலசேகரத்துப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையிலும் நின்ற அந்த வண்டிகளில் மிஞ்சியவை இப்போது ஒன்றிரண்டாக விற்பனைக்கு வருகின்றன. வாங்க விரும்புவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, மூன்று பழைய ஃபியாட்டுகளை வாங்கி அவற்றில் ஒன்றில் நன்றாக ஏமாந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில், விற்பவர் காட்டுவது எந்த வண்டி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1953 இல் ஜெனீவா கண்காட்சியில் ஃபியாட் நிறுவனம் வெளியிட்ட 1100-103 என்ற வண்டியை, மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1954 முதல் நம் நாட்டில் தயாரித்தது. எலிகண்ட், செலக்ட், சூப்பர் செலக்ட் என்று பெயர்கள் மாறி, அறுபதுகளின் நடுவில் டிலைட் வந்தது. 1974 இல் அதன் வழிவந்த வண்டிக்குப் பத்மினி என்று பெயரிட்டார்கள். பத்மினி நூற்றாண்டின் இறுதிவரை தயாரானதால் அது அரிய வண்டி ஆகாது. அரியது சூப்பர் செலக்டும் அதற்கு முந்தையவையுமே. அடையாளம் எளிது: டிலைட்டிலும் பத்மினியிலும் முன்கதவின் கீல் முன்பக்கம் இருக்கும், சூப்பர் செலக்டில் முன்கதவு, பின்கதவு இரண்டின் கீலும் நடுத்தூணில் இருக்கும், ஆகவே முன்கதவு முன்பக்கமிருந்து திறக்கும். பத்மினிக்குப் பழைய கிரில்லை மாட்டிவிட்டு ‘ஐம்பதுகளின் வண்டி’ என்று சொல்பவரிடம் கதவைத் திறந்து காட்டச் சொன்னாலே போதும்.

அடுத்த கேள்வி, வண்டி எந்த ஊரில் நின்றது என்பது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட இந்தக் கேள்விக்கே நான் அதிக நேரம் செலவிடுவேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியின் அடித்தகடு, ஓடாமலே கரைந்துபோயிருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் உப்பு இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது என்பதால், ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கும் வண்டியின் இருக்கைப் பஞ்சும் கதவின் உள்புறமும் ஆண்டில் பாதி நாள் காயாமல் கிடக்கும், எலிகள் வயரிங்கைக் கடித்து டிக்கியில் கூடு கட்டியிருக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்று ஒப்பீட்டளவில் உலர்ந்தது. அங்கே ஓட்டுக்கூரையின் கீழ் நின்ற வண்டி என்றால் நம்பிக்கையோடு பார்க்கப் போகலாம். விற்பவரின் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பழைய காப்பீட்டுச் சீட்டுகளில் உள்ள முகவரிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வண்டியின் ஜாதகம் வந்துவிடும்.

ஃபியாட் 1100 க்கு லாரி, ஜீப் போலத் தனியாக ஒரு சாசிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித்தகடு, நடுத்தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே இதில் துரு என்பது அழகுக்குறை என்ற அளவில் நிற்காமல், எலும்பையே அரிக்கும் நோயாகிவிடுகிறது. நான் ஏமாந்ததும் இங்கேதான். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற ஒரு சூப்பர் செலக்ட், பளபளவென்று கிளிப்பச்சை வண்ணத்தில், உள்ளே புத்தம்புது மிதியடியோடு என்னை மயக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் மிதியடியை உரித்தபோது அதன் அடியில் தார் பூசிய சாக்குத்துணி இருந்தது. அதையும் உரித்தேன், கட்டைவிரல் நுழையும் ஓட்டை வழியாக என் வீட்டுச் சிமெண்டுத் தரை தெரிந்தது. ஓட்டையைச் சுற்றிய தகடு அப்பளம் போல விரலில் நொறுங்கியது. டிங்கரிங் பட்டறையில் அந்த வண்டி பதினொரு மாதம் நின்றது.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகள், கதவுகளின் கீழ்விளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் மெதுவாக நகர்த்துவேன்; காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது பட்டி, அதாவது அரித்த இடத்தை நிரப்பும் பூச்சு. கையகலப் பட்டி எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு, அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். கதவின் முழு அடிப்பகுதியிலும் காந்தம் வழுக்கினால்தான் கவலைப்பட வேண்டும். பிறகு மிதியடிகளை எடுக்கச் சொல்லி அனுமதி கேட்பேன். மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வேன். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடம், பேட்டரித் தட்டு, பின்சக்கர லீஃப் ஸ்பிரிங் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு பொத்தென்று பதில் சொல்லும். சூப்பர் செலக்டில் நான்கு கதவுகளின் பாரத்தையும் நடுத்தூண்களே சுமப்பதால், ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கீலில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஊசி மாற்றினால் சரியாகும். கதவோடு சேர்ந்து தூணின் அடியும் அசைந்தால், வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உடலுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை சின்னஞ்சிறு சாமான்கள். சூப்பர் செலக்டில் இருக்கும் 1089 சிசி இன்ஜின்தான் பத்மினியிலும் தொடர்ந்தது என்பதால், இன்ஜின் சாமான்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. அகப்படாததை நல்ல லேத் பட்டறையில் கடைந்தும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முன்கிரில், குரோம் பட்டைகள், சக்கர மூடி, மீட்டர், கதவுக் கைப்பிடி, பின்விளக்குக் கண்ணாடி போன்றவை அந்தந்த மாடலுக்கே உரியவை. ஓடாத இன்ஜினோடு எல்லாச் சாமான்களும் இருக்கும் வண்டியையும், ஓடும் இன்ஜினோடு கிரில் இல்லாத வண்டியையும் அருகருகே நிறுத்தினால் நான் முதலாவதையே எடுப்பேன். தோவாளைப் பூவைச் சரம்சரமாகக் கட்டிக் கல்யாண ஊர்வலத்துக்கு விடப்பட்ட வண்டிகளில் குரோம் பட்டைகள் ஈரநாரின் அடியில் புள்ளிபுள்ளியாகக் கறுத்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்ஜினைப் பொறுத்தவரை, காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய், பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்வதே சிறந்த வழி. ஏற்கெனவே சூடாக இருந்தால் நமக்காக யாரோ முன்கூட்டியே உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களுக்கு மேலுள்ள மூடிப்பகுதி, அலுமினியத்தால் ஆனது. தண்ணீர் இல்லாமல் ஓட்டிச் சூடேறினால் வளைந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து, உட்புறத்தில் பால்விட்ட தேநீர் நிறத்தில் நுரைப்படிவு இருக்கிறதா என்று பார்த்தால் அந்தக் கதை வெளிப்படும். ஓட்டிப் பார்க்கும்போது, ஸ்டீயரிங் அருகே உள்ள கியர் தண்டு ஓரளவு தொளதொளப்பதும், வண்டி நகரும்போது முதல் கியர் உறுமிக்கொண்டு விழுவதும் குறையாகாது. இரண்டாவது கியர் தானாகக் கழன்று வந்தால் அது செலவு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் என்பதால், இன்றைய கார் ஓட்டிப் பழகிய கால் ஏமாந்துபோகும். மார்த்தாண்டம் நெரிசலில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் செய்யுங்கள்.

இனிக் காகிதம். கரைந்த தகட்டைக்கூட வெட்டி ஒட்டலாம், அறுந்துபோன காகிதச் சங்கிலியை ஒட்ட வைக்க முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சாசி எண்ணையும் இன்ஜின் எண்ணையும், வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். பழைய வண்டிகளில் இன்ஜின் மாற்றியிருப்பது சாதாரணம். மாற்றம் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதுதான் சிக்கல். தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதையும், பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்பதையும் கேட்டு அறிய வேண்டும். இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு முடிச்சும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த நிலம்; அதற்கு முன் பதிவான வண்டியின் முதல் ஏடு அந்த மாநிலத்துடையதாகவே இருக்கும். களியக்காவிளைக்கு அப்பால் பதிவாகி இப்பக்கம் நிற்கும் கேரள வண்டி என்றால், அங்குள்ள பதிவு அலுவலகத்தின் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கைக்கு வராமல் பணத்தை முழுதாகக் கொடுக்கக் கூடாது.

புத்தகத்தில் பெயர் உள்ளவர் காலமாகி, பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூரிலுமாக இருக்கும் நிலைதான் இங்கே மிகுதி. ‘அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன்’ என்று சொல்லும் மகனை நயமாகத் தவிர்க்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 வழியாக வண்டி முதலில் அவர் பெயருக்கு வர வேண்டும். அதன் பிறகே படிவம் 29, 30 வழியாக நம் பெயருக்கு மாற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாகர்கோவில் எல்லைக்குள் குடியிருப்பவருக்கு டிஎன் 74, மார்த்தாண்டம் எல்லைக்குள் என்றால் டிஎன் 75 அலுவலகம்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தனி வகையாகப் பதிய 2021 இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குக் கௌரவமாக இருந்தாலும், அந்த வகைக்குப் போன வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட விதி இடம் தருவதில்லை. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கே தெருவில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் மனைவி மக்களோடு வட்டக்கோட்டைக்குப் போய்வர ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

விலை பேசும்போது, பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதி, டிங்கரிங் செய்பவரிடமும் மெக்கானிக்கிடமும் தனித்தனியாக மதிப்புக் கேட்டு, டிங்கரிங் செலவை மட்டும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தைச் சாசி எண் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

நெடுநாள் நின்ற வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராமல் ஏற்றிக்கொண்டு வருவதே நலம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். மேற்பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் வயதான டயரை நம்பி வேகம் எடுக்கக் கூடாது. டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு, இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் குழாய்களை மாற்றிய பிறகே புதிதாக நிரப்ப வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித்துணி உறையே போதும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே, இரவு ஆகிவிட்டாலும், வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும்.