நட்பைப் பாடமாக்கி ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நட்பைப் பற்றிய ஒரு பாடத்தையேனும் கடக்காமல் எந்தப் பிள்ளையும் ஆங்கிலம் படித்து முடிப்பதில்லை. தரம் 8 வகுப்பொன்றில், அது திருகோணமலை நகரில் இருந்தாலும் கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்தாலும், "உங்கள் சிநேகிதரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆசிரியர் கேட்டவுடன் வழக்கமாகப் பேசாத பிள்ளையும் கை உயர்த்தும். இந்த உற்சாகம் பெறுமதியானது. ஆயினும் வாசிப்புத் திறனை வளர்ப்பதற்கென ஒதுக்கிய பாடவேளையில் இதற்குள்ளேயே ஓர் இடர் இருக்கிறது. நட்பைப் பற்றிப் பிள்ளைக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும் என்பதால், பந்தியை வாசிக்காமலேயே பாடத்தில் பங்குபற்ற முடிகிறது. பங்குபற்றியதைக் கண்ட ஆசிரியரோ பிள்ளை வாசித்து விளங்கிக்கொண்டது என்று நம்பிவிடுகிறார். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

வாசிப்பதற்கு முன்னர் தலைப்பைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எல்லோரும் கற்ற விடயமே. முன்னறிவு தூண்டப்பட்டால் பந்தி எளிதில் விளங்கும் என்பதும் உண்மை. ஆனால் அறிமுகமில்லாத தலைப்புக்கு வேண்டிய அளவு நேரத்தை நட்புக்கும் ஒதுக்கக் கூடாது. துருவக் கரடியைப் பற்றிய பந்திக்குப் பத்து நிமிட முன்னுரை தேவைப்படலாம். நட்புக்கு இரண்டு நிமிடம் போதும். 40 நிமிடப் பாடவேளையில் பாதியைத் தமிழ்க் கலந்துரையாடலுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் அவசரமாகப் பந்தியைக் கடந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் நீதி சொல்லி முடிக்கும் பாடத்தில் பிள்ளையின் கண் ஆங்கில வரிகளின் மேல் தங்கிய நேரம் மிகக் குறைவு.

பந்தியைத் தெரிவு செய்வதில் அடுத்த தவறு நிகழ்கிறது. கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்ள, மற்றவன் மூச்சடக்கித் தரையில் கிடந்த கதையை நம் பிள்ளைகள் ஆரம்ப வகுப்பிலேயே தமிழில் கேட்டுவிடுகிறார்கள். அதையே தரம் 7இல் ஆங்கிலத்தில் கொடுத்து, கரடி காதில் என்ன சொன்னது என்று கேட்டால், ஓரிரு சொற்களை மட்டும் அடையாளம் கண்ட பிள்ளையும் சரியான விடையை எழுதிவிடும். அந்த விடை நினைவிலிருந்து வந்தது. தொடக்க நிலையில் தன்னம்பிக்கை ஊட்டுவதற்குத் தெரிந்த கதை உதவும். வாசிப்பை மதிப்பிடுவதற்கு அது உதவாது. கதையின் போக்கைக் கொஞ்சம் மாற்றி, மரத்தில் ஏறியவன் கரடி போகுமுன்னரே திரும்பி இறங்கி வந்ததாக எழுதிக் கொடுத்தால், யார் வாசிக்கிறார், யார் நினைவுகூர்கிறார் என்பது உடனே வெளிப்படும்.

கேள்விகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நான் பார்த்த மாதிரி வினாத்தாள்கள் பலவற்றில் நட்புப் பந்திக்குக் கீழே "நல்ல நண்பனின் குணங்கள் எவை?", "நண்பனுக்கு ஏன் உதவ வேண்டும்?" என்ற வகையான வினாக்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் பந்தி தேவையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: பந்தியை மறைத்து, வினாக்களை மட்டும் இன்னொரு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் சரியாக விடை எழுதிய வினா எதுவும் வாசிப்பைச் சோதிக்கவில்லை. அதை நீக்கிவிட வேண்டும்.

அதற்கு மாறாக, பிள்ளையின் எதிர்பார்ப்போடு மோதும் பந்தியை எழுதிக்கொள்வது நல்லது. உதாரணத்துக்கு, எளிய ஆங்கிலத்தில் எழுதக்கூடிய கதையொன்றைச் சொல்கிறேன். கவினும் அனசும் ஒரே உதைபந்தாட்ட அணியில் விளையாடுகிறார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் நடக்கவிருக்கும் இறுதிப் போட்டிக்கு முதல்நாள், அனசின் கணுக்கால் வீங்கியிருப்பதைக் கவின் காண்கிறான். ஒருவருக்கும் சொல்லாதே என்று அனஸ் கேட்கிறான். மறுநாள் காலையில் கவின் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லிவிடுகிறான். அனஸ் விளையாடவில்லை, இரண்டு கிழமை அவன் கவினோடு பேசவும் இல்லை. பிறகு ஒரு மாலை, காலில் கட்டு இல்லாமல், பந்தோடு கவினின் வீட்டு வாசலில் நிற்கிறான். கதை அவ்வளவுதான்.

நல்ல நண்பன் இரகசியத்தைக் காப்பாற்றுவான் என்ற எண்ணத்தோடு வரும் பிள்ளை, கவின் சொல்லாமல் இருந்ததாகவே விடை எழுதும். வாசித்த பிள்ளை மட்டுமே அவன் சொன்னதைக் கண்டுகொள்ளும். அனசின் கோபம் தணிந்துவிட்டது என்று கதையில் எங்கும் எழுதப்படவில்லை. அதை அவன் கொண்டுவந்த பந்திலிருந்தும் கட்டில்லாத காலிலிருந்தும் உய்த்தறிய வேண்டும். "அனஸ் கவினை மன்னித்துவிட்டான் என்று உமக்கு எந்த வரி காட்டுகிறது?" என்று கேட்டு, அந்த வரியின் கீழ் கோடிடச் சொன்னால், கருத்தைச் சான்றோடு நிறுவும் பழக்கம் சிறுவயதிலேயே வந்துவிடும். பிள்ளை கருத்துச் சொல்லலாம், மறுத்தும் பேசலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் விரல் ஒரு வரியைத் தொட்டு நிற்க வேண்டும்.

வரியைத் தொட்டால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடிப்பிடித்து, அது இருக்கும் வாக்கியத்தை முழுவதுமாகக் கொப்பியில் இறக்கி வைப்பது நம் மாணவர் பலரின் பழக்கம். "குடலன் மாவியைத் தொசினான்" என்ற பொருளற்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவியைத் தொசினவர் யார் என்று கேட்டால் குடலன் என்று எவரும் சொல்லிவிடுவோம். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே முழுப் புள்ளியும் பெற்றுவிடுகிறோம். பந்தியின் சொற்களை அப்படியே திருப்பிப் பயன்படுத்தும் வினா இத்தகைய விடையைத்தான் வரவழைக்கும். ஆகவே வினாவை வேறு சொற்களில் அமைக்க வேண்டும். அல்லது இரண்டு வாக்கியங்களிலுள்ள தகவலை இணைத்தால் மட்டுமே விடை கிடைக்கும்படி அமைக்க வேண்டும்.

நட்புக் கதைகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் அவன், அவள் போன்ற சுட்டுச் சொற்களில் இருக்கிறது. ஆசிரியர்கள் இதற்குப் போதிய கவனம் கொடுப்பதில்லை என்பது என் கருத்து. கதையில் இரண்டு ஆண்பிள்ளைகள் அல்லது இரண்டு பெண்பிள்ளைகள் வருவார்கள். "கவின் டோல்ட் அனஸ் தட் ஹீ வோஸ் ரோங்" என்ற வாக்கியத்தில் பிழை யாருடையது? தமிழில் "தான் பிழை செய்ததாக" என்றும் "அவன் பிழை செய்ததாக" என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தமிழில் இந்த வேலையைச் செய்து பழகாத பிள்ளை, அருகில் உள்ள பெயரையே பிடித்துக்கொண்டு கதையைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறது. பந்தியில் வரும் ஒவ்வொரு சுட்டுச் சொல்லிலிருந்தும் அதற்குரிய பெயருக்கு அம்புக்குறி வரையச் செய்யும் பயிற்சி எளிமையானது, செலவற்றது, நீண்ட பயன் தருவது.

உரையாடலில் சிறந்து விளங்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராமல் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாசிப்பு ஆய்வாளர்களான பிலிப் கஃப், வில்லியம் டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய கோட்பாட்டின்படி, வாசித்து விளங்கும் ஆற்றல் என்பது எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கி வருவது, கூட்டி வருவதன்று. ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. நண்பன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலேயே ஐ, ஈ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து குறில் எகரமாக ஒலிக்கின்றன; மைதானத்தைக் குறிக்கும் "ஃபீல்ட்" என்ற சொல்லில் அதே இரண்டும் நெடில் ஈகாரமாகின்றன. ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலிக்கும் விதத்தைத் தமிழில் இயல்பாகப் பழகிய பிள்ளைக்கு, இத்தகைய ஒழுங்கின்மையைக் காட்டிக் கற்பிக்காவிட்டால் தானாக வராது. இதற்காகப் பிள்ளைகளை ஒவ்வொரு வரியாக எழுப்பி உரத்து வாசிக்கச் செய்வது தீர்வாகாது: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தமக்குரிய வரியை எண்ணிக்கொண்டிருப்பார்கள், தடுமாறும் பிள்ளை எல்லோர் முன்னும் வெட்கப்படும். இருவர் இருவராக மெல்லிய குரலில் வாசிக்கவிட்டு, ஆசிரியர் நடந்து திரிந்து கேட்பது மேல்.

சொற்களின் சுமையும் கவனிக்கத் தக்கது. ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, உதவியின்றி ஒரு கதையைப் போதிய அளவு விளங்க, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 வீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் புதியவை இருந்தால் பிள்ளை தனியாக வாசிக்கத் திணறும். நட்புப் பந்தியை எழுதுபவர்கள் விசுவாசம், நம்பகத்தன்மை, அர்ப்பணிப்பு போன்ற கருத்துச் சொற்களின் ஆங்கில வடிவங்களை அடுக்கிவிடுகிறார்கள். வீங்கிய காலையும் மூடிய கதவையும் கொண்டு சொல்லக்கூடியதை அத்தகைய சொற்களால் சொல்வது தொடக்க வாசகனுக்குத் தடையாகும்.

எல்லாமே கதையாக இருக்க வேண்டியதில்லை. சிநேகிதியின் பிறந்தநாள் அழைப்பிதழ், விடுமுறைக்கு வரும் நண்பனின் கடிதம், சுற்றுலாவுக்கான நேர ஒழுங்கு ஆகியவை குறிப்பிட்ட தகவலை விரைந்து தேடி வாசிக்கும் பயிற்சிக்குப் பொருத்தமானவை. அதற்கு ஒரு நிமிடம் என்று எல்லை வைக்காவிட்டால், பிள்ளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஊர்ந்து செல்லும்.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் வாழ்கிறார்கள். 1987இல் நிறைவேற்றப்பட்ட 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் குறித்துள்ளது. ஆகவே மூன்று சமூகப் பிள்ளைகளும் வரும் கதையை எழுதும் ஆவல் இயல்பானது, நல்லதும்கூட. ஆனால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வருகின்றன, மூவரும் பலகாரம் பகிர்கிறார்கள், வேறெதுவும் நடப்பதில்லை. என்ன வரும் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும் பந்தியை எந்தப் பிள்ளையும் வாசிக்காது. பிணக்கு வரட்டும், ஒருவரை ஒருவர் தவறாக விளங்கிக்கொள்ளட்டும். மொழி தெரியாமல் கைச்சாடையால் பேசிக்கொள்ளட்டும். வாசிக்கக் காரணம் அங்கேதான் உண்டாகும்.

வாசிப்பின் பின் "உன் நெருங்கிய நண்பனைப் பற்றி எழுது" என்று எல்லோருக்கும் கட்டாயமாகக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். யுத்தத்தாலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் பல. அண்மையில் பாடசாலை மாறி வந்த பிள்ளைக்கும், வகுப்பில் ஒதுக்கப்படும் பிள்ளைக்கும் அந்தத் தலைப்பு வலிக்கும். கதையில் வந்த ஒருவருக்குக் கடிதம் எழுதும் தெரிவையும் கூடவே கொடுத்தால், எழுதுவதற்காகப் பிள்ளை மறுபடியும் பந்திக்குத் திரும்பும். வாசிப்புக் கற்பித்தலுக்கு அதுவே கூடுதல் பொருத்தமும் ஆகும்.

பந்தி ஒன்று முடிந்ததும் அந்தப் பாத்திரங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். கவினையும் அனசையும் கொண்டு அடுத்த கிழமைக்கும் அதற்கடுத்த கிழமைக்கும் புதிய கதைகளை எழுதினால், பெயர்களும் இடங்களும் பல சொற்களும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளையின் கவனம் புதிதாக நடப்பதில் மட்டும் செல்லும். தரம் 9 மாணவர்களைக் கொண்டே இரண்டு மூன்று கதைகளை எழுதுவித்து, ஆசிரியர் திருத்தி, நூலக அலுமாரியில் வைத்தால், தரம் 7 பிள்ளைகள் பரீட்சைக்காக அல்லாமலும் எடுத்து வாசிப்பார்கள்.