பள்ளிக்கால மைப்பேனாவுக்கு விடை கொடுக்கும் முன்

அலமாரியை ஒழிக்கும்போது பத்தாம் வகுப்பில் எழுதிய மைப்பேனா கிடைத்ததா? இனி எழுதப்போவதில்லை என்றாலும் அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து கிடக்கும் மைதான் அதற்கு எமன். மை ஓடும் வழியை அடைப்பதோடு, மலிவான நிப்பை அரித்தும் விடும்.

முதலில் கழுத்தைத் திருகிக் கழற்றுங்கள். இறுகிப்போயிருந்தால் இடுக்கி போடவே கூடாது. சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு திருகினால் பிடி கிடைக்கும். நிப்புப் பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் செய்த பேனாவாக இருந்தால் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். ஸ்பிரிட்டும் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் விரிசல் விடும். தண்ணீர் நீலமாக ஆக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசியாக, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசினால் போதும். அப்புறம் நிப்பைக் கீழ்நோக்கிப் பழைய பருத்தித் துணியில் நிறுத்தி வையுங்கள். மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும்.

மூடியில் இருக்கும் பல்தடம் போகாது. போக வேண்டியதும் இல்லை.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் புது நிப்பு போட்டுக் கொடுங்கள். பழையது உங்கள் கைச்சாய்வுக்குத் தேய்ந்தது, அடுத்தவர் எழுதினால் கீறும். அந்தப் பழைய நிப்பை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளலாம், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.