பின் கேட்டால் பேனா கொடு

அலபாமாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பக்கத்து மேசைக்காரர் "ஒரு பின் கிடைக்குமா?" என்றார். குண்டூசி கொடுத்தேன். அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். கேட்டது பேனா!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலர் பேச்சில், 'ன்', 'ம்' ஒலிகளுக்கு முன்னால் வரும் எகரம் இகரமாகிவிடும். பென் பின்னாகும், டென் டின்னாகும், ஜெம் ஜிம்மாகும். திரும்பச் சொல்லச் சொன்னால் அதே 'பின்'தான், கொஞ்சம் சத்தமாக வரும்.

அப்புறம்தான் கவனித்தேன், குழப்பம் வராமலிருக்க அவர்களே 'இங்க் பின்' என்கிறார்கள். சரி, இப்போது நானும் "இங்க் பின்னா?" என்று கேட்டுக்கொள்கிறேன். ஆள் பெயராக இருந்தால் எழுத்துக்கூட்டச் சொல்லிவிடுவேன். குண்டூசி டப்பா மேசை இழுப்பறையின் அடிக்குப் போய்விட்டது.