விடியுமுன் வேன் வரும்: பிள்ளைகளை எழுப்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறேன். புதிதாக இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கதை. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நடந்ததுதான். அலாரம் வைக்க மறப்பது, பையை இரவே அடுக்காதது இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

இருட்டில் எழுப்புவது

ஏழரை மணிப் பள்ளிக்கு ஆறேகாலுக்கே பிள்ளை கீழே இறங்கி நிற்க வேண்டும். அந்நேரம் கோலாலம்பூரில் கும்மிருட்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. இங்கே சூரியன் எழ ஏழு மணி ஆகிறது, பிப்ரவரியில் ஏழரையை நெருங்கிவிடும். சூரியக் கணக்கில் பார்த்தால் நம் காலை ஆறு மணி என்பது சராசரியாக ஐந்துகூட ஆகாத நேரம்.

உடல் விழிக்க வெளிச்சம் வேண்டும். கதவோரம் நின்று பெயர் சொல்லிக் கத்துவதைவிட, அறையின் பெரிய விளக்கைப் போட்டுப் பிள்ளையை எழுந்து உட்கார வையுங்கள்.

மதியம் முழுக்கத் தூங்க விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிள்ளை இரண்டு மணிக்கு வீடு வருகிறது. சாப்பாடு, வெயில் களைப்பு, மேலே சுற்றும் காற்றாடி. மூன்று மணிக்குக் கண் செருகினால் ஆறரைக்குத்தான் எழுகிறது. பாவம், இருட்டிலேயே எழுந்த பிள்ளை, தூங்கட்டும் என்று அம்மாவும் விட்டுவிடுகிறார்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் தூக்கம் கண்ணை அழுத்தும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தால் அதில் ஒரு நல்ல பகுதி கரைந்துவிடும். மாலை ஆறு மணிக்கு வயிறு முட்ட வடை தின்றவனை எட்டு மணிக்குச் சோற்றுக்குக் கூப்பிட்டால் உட்காருவானா? போதாததற்கு, தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின், பதின்ம வயதில் சிறு பிள்ளைகளைவிடத் தாமதமாகவே சுரக்கிறது. இரண்டும் சேர்ந்தால் படுக்க ஒரு மணி, இரண்டு மணி. மறுநாள் மதியம் மறுபடி அதே தூக்கம்.

என் வேனில் படிவம் ஐந்து பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். ஹாரன் அடித்தால் முதலில் அவன் அம்மா இறங்கி வருவார், கையில் அவனுடைய சப்பாத்து. பின்னால் அவன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி. "எல்லாம் ஃபோனாலதான்க்கா" என்று அவர் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தார். அப்புறமும் பையன் நள்ளிரவு தாண்டி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மின் முன்னோட்டத் தேர்வில் கணிதத் தாளின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. விட்டுப்போன கேள்விகள் பலவும் அவனுக்குத் தெரிந்த கணக்குகள்.

"மத்தியானம் எவ்வளவு நேரம்யா தூங்குற?" என்று கேட்டேன்.

"ஆறரை வரைக்கும் ஆண்ட்டி."

அம்மாவிடம் சொன்னேன்: "தூங்கட்டும்மா. ஆனா நாலு மணிக்கு முன்னால, இருபது நிமிசம், மிஞ்சினா அரை மணி. அழுதாலும் எழுப்பிவிடு." முதல் வாரம் மாலையெல்லாம் சிடுசிடுத்தான். பிறகு பத்தரைக்கெல்லாம் தானாகவே படுக்கப் போனான். கைப்பேசி வெளிச்சமும் கெடுதல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மதியத்தைச் சரிசெய்யாமல் கைப்பேசியை மட்டும் பிடுங்கினால் வீட்டில் சண்டைதான் மிச்சம்.

சனி ஞாயிறு பன்னிரண்டு மணி வரை

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், சரி. நண்பகல் வரை விட்டால் உடலின் கடிகாரம் பின்னுக்குப் போய், ஞாயிறு இரவு தூக்கம் வராது. என் வேன் அதிகம் தாமதமாவது திங்கட்கிழமைகளில்தான்.

இரவில் தே தாரிக்

வேண்டாம். அது இழுத்து ஆற்றிய பால் தேநீர்தானே, அதில் தூக்கத்தை விரட்டும் காஃபின் இருக்கிறது. குடித்த காஃபினில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

சோம்பேறி என்று திட்டுவது

13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டு மணி நேரம் தூங்க ஒன்பதரைக்கே படுக்க வேண்டும். எத்தனை வீட்டில் நடக்கிறது? பதின்ம வயதினரின் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014லேயே சொல்லிவிட்டது. குறைத் தூக்கத்தோடு எழும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம்.

பள்ளி மணியை நாம் மாற்ற முடியாது, டியூசன் நேரத்தை மாற்றலாம். இரவு பத்தரைக்கு முடியும் வகுப்பையும் மாலை ஐந்து மணி வகுப்பையும் காட்டிக் கேட்டால் மாலை வகுப்பையே எடுங்கள். அதற்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே பிள்ளை நான்கு மணிக்கு எழுந்துவிடும்.