ஃபில்டர் போட்டதும் தரவு எங்கே போகிறது?

தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு மரபணு, மருத்துவத் தரவுத்தளங்களில் ஃபில்டர் போட்டு, அதாவது வேண்டியதை மட்டும் வடிகட்டி, தரவு எடுக்க உதவுவது என் வேலை. "சார், எரர் வருது" என்று வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. "எரர் எதுவும் வரல சார், ஆனா..." என்று இழுக்கிறவர்கள்தான் என் பாதி நாளைத் தின்றுவிடுவார்கள்.

சிவப்பு எழுத்தில் வரும் பிழை சுலபம். என்செம்பிள் என்ற மரபணுத் தளத்தின் தேடுகருவியான பயோமார்ட்டை ஆர் என்ற நிரல் மொழியிலிருந்து கேட்கும்போது ஃபில்டர் பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும், இந்தப் பெயர் செல்லாது, பட்டியலைப் பார் என்று அதுவே சொல்லிவிடும். இரண்டு ஃபில்டர் போட்டுவிட்டு மதிப்புகளை லிஸ்ட்டாகக் கொடுக்காவிட்டால் அதையும் சொல்லும். ஆனால் அந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. ஊகித்து ஊகித்தே அரை மணி நேரத்தைப் போக்குவார்கள்.

சத்தமில்லாத தவறுகளுக்கு வருவோம். 17ஆம் குரோமோசோமை எழுதும்போது யூ.சி.எஸ்.சி. என்ற இன்னொரு மரபணுத் தளம் எண்ணுக்கு முன்னால் சி.எச்.ஆர். என்று ஒட்டும். என்செம்பிளுக்கு வெறும் 17 போதும். ஒட்டோடு கேட்டால் அது கோபித்துக்கொள்ளாது. காலி அட்டவணையைக் கையில் கொடுத்துவிடும். எங்களிடம் ஒரு மாணவி, அந்தப் பகுதியில் மரபணுவே இல்லை என்று அறிக்கையில் எழுதியே விட்டார். அதே பகுதியில்தான் டி.பி.53 என்ற மரபணு உட்கார்ந்திருக்கிறது!

ஒட்டை எடுத்த பிறகும் ஒரு குழி உண்டு. மனித டி.என்.ஏ. வரிசையின் பழைய பதிப்பான ஜி.ஆர்.சி.எச். 37 தொகுப்பில் டி.பி.53 இருக்கும் இடத்துக்கும், 2013 டிசம்பரில் வந்த 38இல் இருக்கும் இடத்துக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் டி.என்.ஏ. எழுத்து வித்தியாசம். பழைய கட்டுரையிலிருந்து எடுத்த எண்களைப் புதிய தொகுப்பில் போட்டால் காலியாகக்கூட வராது, பக்கத்து வீட்டு மரபணுக்கள் வரும். காலியாக வந்தாலாவது சந்தேகம் எழும்.

இன்னொன்று: எந்த அடையாள எண்ணால் வடிகட்டுகிறீர்களோ, அதையும் விடையில் ஒரு பத்தியாகக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுத்த வரிசையில்தான் விடை வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வந்ததை அப்படியே பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஒருவர் ஜாதகம் இன்னொருவருக்குப் போய்விடும்.

அப்புறம் பப்மெட், அதாவது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம். நம் ஊர்க்காரர்கள் தவறாமல் விழும் இடம் இதுதான். காசநோய் பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வுகள் வேண்டும் என்று ஆசிரியர் முகவரி ஃபில்டரில் 'சென்னை' போடுவார்கள். ஊரின் பெயர் மாறியது 1996இல். அதற்கு முந்தையதெல்லாம் மெட்ராஸ். சரி, இரண்டுக்கும் நடுவே 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஆர்' (OR) போட்டு, அடைப்புக்குறிக்குள் வைத்துக் கேட்டால்? பப்மெட் பதிவுகளில் 1988க்கு முன் பெரும்பாலும் முகவரியே கிடையாது. 2013 வரை முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. உலகமே 'மெட்ராஸ் ஸ்டடி' என்று சொல்லும் அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருப்பதோ தென்னிந்தியா. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதழின் பெயரையும் ஆண்டையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த மையத்தின் இப்போதைய பெயர்கூட 2011இல் வந்ததுதான் என்பதால், நிறுவனப் பெயரால் வடிகட்டுகிறவர்களுக்கும் இதே கதை.

'மனிதர்கள்' என்ற ஃபில்டரை ஆளாளுக்குத் தட்டுகிறார்கள். அது மெஷ் குறிச்சொற்களை, அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று பப்மெட் பதிவில் ஏற்றப்படும் சொற்களை, நம்பி ஓடுகிறது. குறிச்சொல் இன்னும் ஏறாத புத்தம்புதுக் கட்டுரைகள் மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தாலும் உதிர்ந்துபோகும். பப்மெட்டிலிருந்து நிரல் எழுதி எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் 20 கட்டுரைகளின் அடையாள எண்கள் மட்டுமே வரும். மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கையும் அதே விடையிலேயே இருக்கும், கண்ணில்தான் படாது. வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் கேட்டால் மறுத்துவிடும்; பதிவு செய்து 'ஏ.பி.ஐ. கீ' என்ற இலவசச் சாவி வாங்கினால் பத்து முறை.

சந்தேகம் வந்தால் நான் செய்வது இவ்வளவுதான். எல்லா ஃபில்டரையும் கழற்றிவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுவேன். எதை மாட்டியதும் எண்ணிக்கை தொபுக்கென்று விழுகிறதோ, அங்கே நின்று பார்ப்பேன். கட்டாயம் வர வேண்டிய ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதும் வழக்கம்: மரபணு என்றால் டி.பி.53, காசநோய் என்றால் அந்த 1959 கட்டுரை. அது காணாமல் போன படிதான் கோளாறு இருக்கும் படி.